தூள் விழாத ரப்பர்

பரீட்சைகள் முடிந்த வாரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் பையும் அட்டைப்பெட்டியுமாக ரப்பர்காரரின் பழைய புத்தகக் கடைமுன் நிற்பார்கள். இனி இந்த முகத்தில் விழிக்கவே கூடாது என்பது போலப் புத்தகங்களைப் பலகையில் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று ஓடவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார். பேனாவால் எழுதியிருந்தால் கீழ்த்தட்டு. பென்சிலால் எழுதியிருந்தால் மேல்தட்டு. மேல்தட்டுப் புத்தகங்கள்தான் அவருடைய பிழைப்பு.

பென்சில் கிறுக்கலை அழிப்பது சின்ன வேலை என்று நினைப்பவர்கள் ஒரு பக்கத்தை அழித்துப் பார்க்கட்டும். மெல்லிய தாளுக்கு மெத்தென்ற வெள்ளை ரப்பர், தடித்த தாளுக்குக் கொஞ்சம் இறுகியது. தையலின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, ஒரே திசையில் தேய்க்க வேண்டும். திருப்பித் தேய்த்தால் தாள் சுருங்கிவிடும். ஒரு பக்கம் முடிந்ததும் குனிந்து ஊதுவார். போகாத தூளைப் பழைய சவரப் பிரஷ்ஷால் தட்டுவார். அதன்பிறகு புத்தகம் அவர் மனைவியின் கைக்குப் போகும். விட்டுப்போன தையலைக் கோத்து, முதுகில் பசை தடவி, அட்டை போட்டு, உடைந்த தையல் மெஷினின் இரும்பு அடிப்பாகத்தைப் பாரமாக ஏற்றிவைப்பது அந்தம்மாவின் வேலை. அவர்கள் வீடு கடைக்குப் பின்னால்தான். நடுவில் ஒரு திரை. அந்த வீட்டுத் தட்டில், சோற்றில், தலையணையில்கூட ரப்பர் தூள் இருக்கும்.

இருவருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. அந்தம்மா அழிக்க உட்கார்ந்தால் சில குறிப்புகளை விட்டுவிடுவார்.

"இதை ஏன் விட்டே?" என்பார் அவர்.

"நல்லா வெளக்கமா எழுதியிருக்குங்க. அடுத்து வாங்குற புள்ளைக்கு உதவட்டுமே."

"வாங்குறவன் புதுசு மாதிரி இருக்கான்னுதான் பாப்பான்."

"புதுசு மாதிரி இருக்கறத வச்சு பாஸாக முடியுமா?"

"அது அவன் பாடு. அடுத்தவன் எச்சில் நம்ம புத்தகத்துல இருக்கக் கூடாது."

அந்தம்மா எழுந்து போன பிறகு அவர் அந்தக் குறிப்பையும் அழித்துவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சுத்தமான பக்கத்தைப் பார்த்தால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும்.

ஒரே மகள் நர்ஸிங் படித்தாள். எதிரே சாவி வெட்டுகிறவர் அவளை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுவார். கல்லூரியில் அவளுடைய வகுப்புக்கு ஆளுக்கொரு டேப் கம்ப்யூட்டரும் அதன் பேனாவும் இரவலாகக் கொடுத்திருந்தார்கள். பாடப் புத்தகமெல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. கண்ணாடி மேலே பேனாவால் எழுதினால் புத்தகப் பக்கத்திலேயே எழுத்து விழும். கோடு போடலாம், வட்டம் போடலாம், படத்தின் பக்கத்தில் படம் வரையலாம். பரீட்சை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வகுப்புக்கு அதே டேப்தான். ஒருத்தருக்கு ஒரு தடவைக்குமேல் தர மாட்டார்கள்.

அது வீட்டுக்கு வந்த நாள் மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மகள் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து அப்பாவின் கையில் பேனாவைக் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். அவள் பேனாவைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப தேய்ங்கப்பா."

அவர் பேனாவின் பின்முனையால் தேய்த்தார். கையெழுத்து போய்விட்டது. குனிந்து ஊதினார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அதுல தூள் விழாதுப்பா."

"தூள் விழாத ரப்பரா?" அவர் விரலால் கண்ணாடியைத் தடவிப் பார்த்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "பாத்தியா? இப்படி ஒண்ணு இருந்தா உனக்கு வீடு கூட்டுற வேலையே இல்ல."

"எனக்கு வேலை குறைஞ்சா உங்களுக்குத்தான் பயம்" என்றார் அந்தம்மா.

அன்று ரப்பர்காரர் எதிர்க்கடைக்குப் போய்ச் சாவிக்காரரிடமும் சொன்னார். "அப்ப உன் கடைய மூடிட்டு என் கடையில வந்து அரத்தூள் அள்ளு" என்றார் அவர்.

*

பரீட்சைக்கு முந்தின வாரங்களில் ரப்பர்காரருக்கு வேலை இருக்காது. அப்போது யாரும் புத்தகம் விற்பதில்லை. மழை வேறு விடாமல் பிடித்துக்கொண்டது. கடைப் பலகையின் மேல் பிளாஸ்டிக் விரித்து, பழைய அட்டைகளை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார். வெறுங்கையோடு உட்கார்ந்தே பழகாதவர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள் காய்ச்சலோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. திங்கட்கிழமை கடைசிப் பரீட்சை. அதில் தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள்.

"சாப்பிடுறியாம்மா?"

"வேணாம்பா. கொஞ்சம் படுக்குறேன். எழுதின பாடமெல்லாம் ஒரு தடவை முடிச்சுட்டேன். தலைதான் வெடிக்குது."

அந்தம்மா ஒரு ரொட்டித் துண்டும் சூடான பாலும் மாத்திரையும் கொடுத்துப் படுக்க வைத்தார். போர்வையைக் காலடியில் செருகிவிட்டு, நூலும் பசை மாவும் வாங்கக் குடையோடு கிளம்பினார். மழைக்கு நடுவில் கரண்டும் போய்விட்டது.

ரப்பர்காரர் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மேசைக்கு வந்தார். டேப் திறந்தே கிடந்தது. கரண்ட் இல்லாத அந்த அறையில் அது ஒன்றுதான் வெளிச்சமாக இருந்தது. இதயத்தின் படம் போட்ட பக்கம். படத்தைச் சுற்றிச் சிவப்பிலும் நீலத்திலும் அம்புகள், வட்டங்கள், நுணுக்கி நுணுக்கி எழுத்து. விரலால் தள்ளினார். அடுத்த பக்கமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

இதையா திருப்பிக் கொடுக்கப் போகிறாள்? கிறுக்கிய புத்தகத்தோடு தம் கடைக்கு வந்து நிற்கும் பிள்ளைகளின் முகம் அவருக்குத் தெரியும். 'இதென்னப்பா, சுவருன்னு நெனச்சு எழுதிட்டியா?' என்று எத்தனையோ பேரை அவரே கேலி செய்திருக்கிறார். பின்னால் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நாளைக்குத் தம் மகள் வரிசையில் நிற்கும்போது யாரோ ஒருவர் அப்படிக் கேட்டால்? காய்ச்சல்காரப் பிள்ளை, இத்தனை பக்கத்தை அவள் எப்போது உட்கார்ந்து அழிப்பாள்?

எல்லாம் முடித்துவிட்டதாக அவளே சொல்லிவிட்டாள். அவர் கைக்கு இதுவரை வந்த புத்தகம் அத்தனையும் பரீட்சை முடிந்த புத்தகம். பரீட்சைக்கு முந்தைய புத்தகத்தை அவர் தொட்டதே இல்லை.

கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு வேலையைத் தொடங்குமுன் கண்மூடிக் கடவுளை நினைப்பது அவர் வழக்கம். அன்றும் நினைத்தார். பிறகு பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரே திசையில் தேய்க்க ஆரம்பித்தார்.

மழை ஓட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் சாய்த்துப் பார்த்தார். நீலம் சுலபமாகப் போயிற்று. சிவப்புக் கோடுகள் நீளமாக இருந்தால் ஒரே தொடலில் மறைந்தன. அச்சு எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எவ்வளவு நல்ல ரப்பர்! ஒரு பாடம் முடிந்ததும் மூடி, அடுத்ததைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஊதவும் மறக்கவில்லை. எழுத்திருந்த பாடங்களில் கடைசியானது முடியும்போது மூலையில் சிவப்பாக ஏதோ மின்னியது. பிறகு டேப் தானாகவே அணைந்துவிட்டது. அதுவும் நம்மைப் போல அசந்துவிட்டது போல என்று நினைத்து, துணியால் துடைத்து, மகளின் தலைமாட்டில் வைத்தார்.

அந்தம்மா நனைந்துகொண்டு வந்தபோது அவர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, முகத்துல ஒரே களை?"

"புள்ளைக்கு ஒரு வேலை மிச்சம் பண்ணிட்டேன்" என்றார்.

*

மகள் எழுந்ததும் காய்ச்சல் குறைந்திருந்தது. அவர் டீயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். அவள் முதலில் சிரித்தாள்.

"விளையாடாதீங்கப்பா."

"விளையாட்டு இல்லம்மா. எல்லாப் பக்கமும். ஒண்ணு விடல."

அவள் டீயைக் கீழே வைத்தாள். டேப்பை அழுத்தினாள். அது எழவில்லை. கரண்ட் வந்தபாடில்லை. இருட்டிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "பாடப் புத்தகத்துலயாப்பா? அந்த வெத்துப் பக்கத்துலதானே?" என்று மறுபடி மறுபடி கேட்டாள்.

"புத்தகத்துலதாம்மா. இதயம், வயிறு, எலும்பு எல்லாம். நீதானே முடிச்சுட்டேன்னே?"

"திங்கட்கிழமை பரீட்சைக்கு அத வச்சுத்தான் எழுதணும்பா." அவள் குரல் ஏறவே இல்லை. அதுதான் அந்தம்மாவை அடுப்படியிலிருந்து ஓடிவர வைத்தது. "நோயாளியோட கதைய குடுப்பாங்க. என்ன செய்யணும்னு நாங்க எழுதணும். டேப்ல நாம எழுதி வச்சிருக்கறதப் பாத்துக்கலாம். நம்ம கையால எழுதினது மட்டும். வேற யாரோடதையும் ஏத்த முடியாதபடி இன்னிக்குக் காலையிலதான் பூட்டுனாங்க."

"அப்ப..." என்றார் ரப்பர்காரர்.

"வருஷம் பூரா எழுதினதுப்பா."

அந்தம்மா கணவரைப் பார்த்தார். திட்டத்தான் வாயெடுத்தார். அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, வந்த சொல்லை விழுங்கினார்.

"கேட்டுட்டுச் செய்யக் கூடாதாங்க?" என்று மட்டும் சொன்னார்.

"தூங்கிட்டு இருந்தா. காய்ச்சல்..."

மகள் தோழிக்குப் போன் செய்தாள். தோழி ஒரு நல்ல சேதி சொன்னாள். கல்லூரிக்குள் இருக்கும்போதெல்லாம் டேப் தானாகவே ஒரு நகலைக் கல்லூரிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். காலைவரை எழுதினது அங்கே பத்திரமாக இருக்கும். நாளைக்கு லீவு என்றாலும் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்ளும் மேடம் வருவார். போய்க் கேட்டால் இறக்கிக் கொடுத்துவிடுவார்.

அதைக் கேட்டதும் அந்த வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்தம்மா முட்டை உடைத்து ஊற்றினார். ரப்பர்காரர் மட்டும் சாப்பிடவில்லை. "நாளைக்குச் சாப்பிடுறேன்" என்றார்.

*

சனிக்கிழமை காலையிலும் மழை. அப்பாவும் மகளும் ஒரே குடையில் போனார்கள். குடையை அவர் அவள் பக்கமே சாய்த்துப் பிடித்ததால் அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்திருந்தது. இரவெல்லாம் கரண்ட் வராததால் டேப் அணைந்தபடியே அவள் பைக்குள், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

வாசலில் காவலாளி தடுத்தார். "இன்னிக்கு லீவும்மா. உள்ள விட எனக்கு உத்தரவில்ல."

"மேடத்தப் பாக்கணும் சார். அவசரம்."

"அவங்க இன்னும் வரல. வந்தா சொல்றேன், போய்ட்டு வாங்க."

மகள் குளிரில் நடுங்கினாள். காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"காய்ச்சலா?"

"நேத்து இருந்துச்சு."

"நேத்தாம் நேத்து. பல்லு இன்னும் தாளம் போடுது." கதவைத் திறந்தார். "வா, உள்ள வந்து உக்காரு. யாராவது கேட்டா என் தங்கச்சி மகள்னு சொல்லிக்கிறேன். பெரியவரே, நீங்களும் வாங்க. மழையில நின்னு எதுக்கு வெறைக்கிறீங்க?"

அவருடைய சின்ன அறைக்குள் ஒரு ஸ்டூலும் ஒரு ஹீட்டரும் இருந்தன. ஸ்டூலை மகளுக்குக் கொடுத்தார். ஹீட்டரை அவள் கால்பக்கம் நகர்த்தினார். பிளாஸ்கிலிருந்து டீயை மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

"எதுக்கும்மா மேடம்?"

"டேப்ல ஒரு பிரச்சினை."

"குடு, பாக்கலாம். ஓ, சார்ஜே இல்லையே. செத்த டேப்பக் கொண்டுபோய்க் குடுத்தா மேடம் கத்துவாங்க. போன வாரம் ஒரு பையன உண்டு இல்லன்னு ஆக்கிட்டாங்க. இரு." அவர் தம் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் டேப்பைச் செருகினார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி வெளிச்சமானது. "பாத்தியா? உசுரு வந்துருச்சு."

மகள் நன்றியோடு சிரித்தாள். ரப்பர்காரர் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மூவரும் மேடம் வரும்வரை மழையைப் பற்றியும் ஒழுகும் கூரையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். மேசை மேல் டேப் தன்பாட்டில் விழித்திருந்தது.

மேடம் நல்ல மாதிரி. விஷயத்தைக் கேட்டதும் "அழாதே, எடுத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தார். அவள் பெயரைத் தட்டினார். ஒரு பாடத்தைத் திறந்தார், இன்னொன்றைத் திறந்தார். அவர் விரல்கள் மெதுவாயின.

"டேப்ப எப்ப ஆன் பண்ணினே?"

"இப்பதான் மேடம். வாசல்ல."

"வாசல்லயேவா?" அவர் திரும்பி உட்கார்ந்தார். "இங்க வைஃபை வாசல்வரைக்கும் வரும். அது பட்டதும் உன் டேப்ல இருக்கறது இங்க வந்து உக்காந்துக்கும், இங்க இருந்த பழசு போயிடும். அழிச்சதும் ஒரு மாற்றம்தானே அதுக்கு? அணைஞ்சபடியே என் கையில குடுத்திருந்தா, பழசை அப்படியே இறக்கிக் குடுத்திருப்பேன்மா."

"பின்னால போக வழியே இல்லையா மேடம்?"

"புத்தகம் திறந்திருக்கிறவரைக்கும்தான் பின்னால போகலாம். மூடிட்டா முடிஞ்சுது." அவர் ரப்பர்காரரைப் பார்த்தார். "ஒரு பாடமாவது மூடாம விட்டீங்களா?"

"ஒவ்வொண்ணையும் சரியா மூடி வச்சேன்மா" என்றார் அவர்.

"பரீட்சையத் தள்ளி வைக்கறது..." மேடம் சொல்லத் தொடங்கிவிட்டு நிறுத்தினார். "நான் பெரியவங்ககிட்டப் பேசிப் பாக்குறேன். ஆனா ஒருத்தருக்காக மாத்த மாட்டாங்க. உனக்குப் பொய் நம்பிக்கை குடுக்க எனக்கு மனசு வரல. நாளை ஒரு நாள் இருக்கு. பேனா வேலை செய்யும். முடிஞ்சதத் திரும்ப எழுது."

அப்போது காவலாளி தட்டில் மூன்று டீயோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன மேடம், புள்ளைக்குச் சரி பண்ணிட்டீங்களா? நல்லவேளை, நான் சார்ஜ் போட்டுக் குடுத்தேன். இல்லன்னா இதுக்கே ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்."

மேடம் மகளைப் பார்த்தார். அவரிடம் சொல்ல வேண்டாம் என்பது போல மிக லேசாகத் தலையை ஆட்டினார்.

"ஆமா அண்ணே" என்றார் மேடம். "நல்ல காரியம் பண்ணீங்க."

திரும்பும்போது வாசலில் காவலாளி கேட்டார்: "எல்லாம் கிடைச்சுதாம்மா?"

மகள் ஒரு நொடி நின்றாள். "கிடைச்சுது சார். ரொம்ப நன்றி."

"நல்லா எழுது. ஆஸ்பத்திரியில எனக்கு வலிக்காம ஊசி போடணும், ஆமா."

*

வீட்டில் அன்று யாரும் சத்தமாகப் பேசவில்லை. தோழிகள் போன் செய்தார்கள். ஒருத்தி தன் குறிப்புகளைப் படமெடுத்து அனுப்பினாள். போன் கண்ணாடி உடைந்திருந்ததால் எழுத்துகள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. மகள் அதைப் பார்த்துப் பார்த்து ஒரு பாடத்தை எழுதினாள். பிறகு பேனாவை வைத்துவிட்டாள்.

"அவ எழுதினதுல எனக்கு எதுவும் ஞாபகம் வரலம்மா. எனக்கு என் கோடு வேணும். இந்த மூலையில நான் என்ன வரைஞ்சேங்கறதப் பாத்தாத்தான் பாடம் வரும்."

சாவிக்காரர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். திரைக்கு வெளியே நின்று அந்தம்மாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

"எங்க தங்கச்சி அவன்?"

"கடையில உக்காந்திருக்காருண்ணே. நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல."

"நீ திட்டுனியா?"

"திட்டியிருந்தா சாப்பிட்டிருப்பாரு. வாயே வரலண்ணே. இத்தனை வருஷமா நான் ஒரு குறிப்ப விட்டா, எனக்குத் தெரியாம அதையும் அழிச்சிடுவாரு. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துட்டேன். அப்பவே ஒரு சண்டை போட்டு நிறுத்தியிருக்கணும்."

"பூட்ட உடைச்சா நான் சரி பண்ணிடுவேன்" என்றார் சாவிக்காரர். "இதுக்கு எங்க சாவி போடறது?" சிரிக்க வைக்கத்தான் சொன்னார். பழப்பையை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை அவள் எழுதியது கொஞ்சம்தான். காய்ச்சலும் மறுபடி எட்டிப் பார்த்தது. அந்தம்மா ஈரத்துணியை நெற்றியில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். மகள் இதயத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதாமல் பார்த்தபடியே இருந்தாள். பக்கம் அச்சடித்த அன்று எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. ரப்பர்காரர் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

திரைக்கு அப்பால் அவர் நின்றிருந்தார். உள்ளே வரத் தயங்கினார்.

"அம்மா" என்றார். "அந்தப் பக்கத்துல, வலது பக்கம் மேல, ஒரு சிவப்பு அம்பு இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வளைஞ்சு வந்து கீழ முடியும். முடியற எடத்துல குழாய் மாதிரி ஒண்ணு வரைஞ்சிருந்தே. திருகுற குழாய்."

"வால்வுப்பா" என்றாள் அவள். "ஒரு பக்கம்தான் திறக்கும்னு காட்டறதுக்கு வரைஞ்சேன்." பேனாவை எடுத்தாள். அம்பு வந்தது. குழாய் வந்தது. குழாயின் பக்கத்தில் அவள் கை தானாகவே வரி வரியாக எழுதியது.

அவர் மெதுவாக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். எழுத்தின் பொருள் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றையும் தொட்டு அழித்தவர் அவர்தான். "இங்க நீலத்துல அடுக்கடுக்கா கோடு, ஏணி மாதிரி." "இங்க ஒரு வட்டம், அதுக்குப் பக்கத்துல கேள்விக்குறி." "இங்க ஒரு முகம் வரைஞ்சிருந்தே, கோபமா."

"அது எங்க டீச்சர்."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

அந்தம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் இரண்டு நாளாக இல்லாத சத்தம் அது. ஒரு தட்டில் ரொட்டியும் உரித்த ஆரஞ்சும் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தார். அவர் ஒரு சுளையை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

இதயம் பாதி வந்தது. நுரையீரலில் கொஞ்சம். அதன்பிறகு அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். தொடக்கத்தில் அழித்த பக்கங்கள்தான் கண்ணில் நின்றன. வேலை கைக்குப் பழகிய பிறகு அழித்தவை எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிட்டன. "இங்க ஒரு அம்பு இருந்துச்சும்மா. எங்கேர்ந்து எங்க போச்சுன்னுதான்..." என்று இழுத்தார். அவள் காத்திருந்தாள். "சரி விடுங்கப்பா" என்று பக்கத்தைத் தள்ளினாள். அவர் நெற்றி வியர்த்தது. மறுபடி சொல்லத் தொடங்கியபோது தடங்கல் இல்லாமல் சொன்னார். வலது மூலையில் வட்டம். கீழே இரண்டு கோடு. அடுத்ததில் இடது மூலையில் வட்டம், கீழே இரண்டு கோடு. அவர் சொன்ன இடத்தில் சொன்னபடி அவள் போட்டாள். போட்ட பின் அதன் பக்கத்தில் எழுத அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

கடைசிப் பாடத்தைத் திறந்தார்கள். அது நடந்த வாரம் அவள் கல்லூரிக்கே போகவில்லை. தோழியிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று தள்ளிப்போட்டு, அந்தப் பாடத்தில் பேனாவே வைத்ததில்லை.

ரப்பர்காரர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, நடுவில், கண்ணாடியைத் தொடாமல் காட்டினார்.

"இங்க ஒரு வட்டம் இருந்துச்சும்மா. நல்லா ஞாபகம் இருக்கு."

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தம்மா மகளின் முகத்தைப் பார்த்தார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. திங்கட்கிழமைக்கு அதிக நேரமில்லை. கடவுள் அந்த அறையில் இருந்திருந்தால் அவரும் அப்போது பேசாமல்தான் இருந்திருப்பார்.

அவள் பேனாவை வைத்து வட்டம் போட்டாள்.

"இவ்வளவு பெருசாப்பா?"

"இன்னும் கொஞ்சம் பெருசு."

அழித்துவிட்டுப் பெரிதாகப் போட்டாள்.

"உள்ள என்ன இருந்துச்சு?"

அவர் உதடு அசைந்தது. கையிலிருந்த ஆரஞ்சுச் சுளை நசுங்கிச் சாறு மணிக்கட்டில் வழிந்தது.

"பரவால்லப்பா. அது எனக்குத் தெரியும்" என்றாள் மகள். வெறும் வட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தைத் தள்ளினாள். "கைய தொடச்சுக்கங்க. அடுத்தது சொல்லுங்க."